பதினேழு அங்குலம்

நான் பராமரிக்கும் மைதானங்களில் ஒன்றின் மண்டபத்துக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. தடித்த கம்பளி உடுப்போடு பத்துப் பேர் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். பின்வரிசையின் வலது ஓரத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல் நிற்கும் நெட்டையானவர்தான் அந்த அணியின் பிச்சர், அதாவது பந்தெறிபவர். ஐம்பதுகளின் நடுவில் இந்தக் கழகம் தொடர்ந்து மூன்று முறை மெல்பேர்னின் பேஸ்போல் சாம்பியனாக வந்தது. அந்த மூன்று வருடமும் இந்த மைதானத்தில் அவர் எறிந்த எந்த ஆட்டத்திலும் அணி தோற்கவில்லை.

அவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. மைதானத்தின் பின்தெருவில் ஒரு சிறிய யூனிற்றில் தனியே இருக்கிறார். மழை இல்லாத நாட்களில் காலை எட்டு மணிக்கு நாலு சில்லுத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வருவார். அந்த வண்டியில் ஒரு சின்ன இருக்கை உண்டு. வேலியோரம் அதைத் திருப்பி நிறுத்தி, பிறேக்கைப் போட்டு, அதிலேயே அமர்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார்.

இரண்டு வருடமாக எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான் இருந்தது. தொடக்கத்தில் ஒருநாள் "குட்மோர்னிங் சேர்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சேர் பட்டம் எனக்கு ஒருத்தரும் தரேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். அவரும் கழகத்தாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் எல்லாம் என்னுடைய பேச்சிலேயே பதிந்திருக்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

நான் ஊரில் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவன். பதினெட்டு வருடமாக இந்த வேலை: புல் வெட்டுவது, உரம் போடுவது, கோடு கீறுவது. வீடு இருக்கும் வெரிபீயிலிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும் என்பதைத் தவிர வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் வராது. இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. தேவைப்பட்டால் எனக்கும் சேர்த்துப் பேச என்னோடு வேலை செய்பவர் இருக்கிறார். இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார். புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி அவருடைய கதை கேட்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்போல் முதலில் விளங்கவில்லை. பிச்சர் ஓடிவருவதில்லை. தரையில் பதித்த ஒரு வெள்ளை றப்பர்ப் பலகையில் காலை ஊன்றி, நின்றபடி எறிவார். பந்து நிலத்தில் குத்தாமல் நேரே போகவேண்டும். அடிப்பவரின் காலடியில் இன்னொரு வெள்ளைப் பலகை இருக்கும். அதை ஹோம் பிளேட் என்பார்கள். ஐந்து மூலை. சின்னப்பிள்ளை கீறிய வீடு மாதிரி, ஒரு பக்கம் நேரான விளிம்பு, மறுபக்கம் கூரையைப் போலக் கூர். நேர் விளிம்பு பிச்சரைப் பார்த்திருக்கும். கூர் பின்பக்கம் இருக்கும். இரண்டு பலகைக்கும் இடையே அறுபது அடி ஆறு அங்குலம் இருக்கவேண்டும் என்பது விதி.

அந்தத் தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே நான் பிழை விட்டேன். வேறொரு மைதானத்தில். நேர் விளிம்பிலிருந்து நாடாவை இழுத்தேன். பந்து வரும் பக்கத்திலிருந்து அளப்பதுதானே முறை என்று நினைத்தேன். ஆனால் பின்னால் இருக்கும் கூரிலிருந்து அளக்கவேண்டும். விளிம்புக்கும் கூருக்கும் இடையே பதினேழு அங்குலம். அடுத்த சனிக்கிழமை பெண்கள் அணியின் பயிற்சியாளர் என்னைத் தேடி வந்தார்.

"எங்கடை பிள்ளையளின்ரை பந்தெல்லாம் ஏன் நிலத்திலை குத்துது?" என்று கேட்டு, தானே முழங்கால் போட்டு அளந்து காட்டினார். "கிரிக்கெட் ஆக்கள் எல்லாரும் விடுற பிழைதான்" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு கூரில் நாடாவை வைக்காமல் நான் எதையும் அளந்ததில்லை.

இந்த வருடம் குளிர் தொடங்கும் முன்னர் கழகத்தார் புதிய பேஸ்போல் தளம் போட முடிவெடுத்தார்கள். ஐம்பதுகளில் தளம் இருந்த தெற்கு மூலையிலேயே போடுவதாகத் திட்டம். இடையில் அந்த மூலையைக் கிரிக்கெட் பயிற்சி வலைகளுக்குக் கொடுத்துவிட்டு, பேஸ்போலை எதிர் மூலைக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது வலைகள் இல்லை.

கழகத்தின் செயலாளர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். ஒருநாள் காலை தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பித்தளைப் பலகையில் வெட்டப்போகும் வாசகம். மேலே அந்தப் பிச்சரின் பெயர். கீழே, "மூன்று முறை சாம்பியன். இந்த மைதானத்தில் ஒருபோதும் தோற்காதவர்."

"புதுத் தளத்துக்கு அவரின்ரை பேர்தான். எப்பிடி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன். உடனே அவர் வேலிப் பக்கம் திரும்பி, "ஏய் பின்வளவு! உன்ரை பேச்சை எழுதியிட்டியோ?" என்று கூவினார். கிழவர் கையை உயர்த்திக் காட்டினார்.

என்னோடு வேலை செய்பவர் சும்மா இருப்பாரா. ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். செயலாளர் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு சொன்னார். இந்த மைதானத்தில் அவருடைய பந்தை அடிக்க ஆள் இல்லை. மற்ற மைதானங்களில் சாதாரணம், சில நாள் வெல்வார், பல நாள் அடி வாங்குவார். ஒரேயொரு முறை விக்டோரியா மாநில அணிக்கு எடுத்து அடிலெயிட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது இன்னிங்ஸில் இரண்டாவது முடிவதற்குள் பந்தை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் எடுக்கவில்லை. சொந்த வீட்டுப் பின்வளவில் மட்டும் விளையாடத் தெரிந்தவர் என்று அணிக்காரர் வைத்த பட்டம் அது.

"அன்பாத்தான் கூப்பிடுறது" என்றார். "அவர் ஒண்டும் நினைக்க மாட்டார்."

அவர் போனபின் கிழவர் என்னைக் கைகாட்டி அழைத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அந்தப் பலகையிலை என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"'இந்த மைதானத்தில்' எண்டும் போட்டிருக்கோ?"

"ஓம்."

"அது இல்லாமல் எழுதேலாதாமோ?"

கையுறையைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தெற்கு மூலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என்ரை பந்து ஒரு வேலைதான் செய்யும், மேட். நேரை வரும், கடைசியிலை விழும். அடிக்கிறவன் தொடை உயரத்துக்கு வீசுவான். பந்து முழங்காலுக்குக் கீழாலை போயிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடிலெயிட்டிலை அது விழேல்லை. எறிஞ்சன், எறிஞ்சன், ஒண்டும் விழேல்லை. கோப்பையிலை போட்டுக் குடுத்த மாதிரி எடுத்தடிச்சாங்கள்."

"காத்தாயிருக்கும்" என்றேன்.

"காத்தில்லை. சப்பாத்தும் இல்லை, பயணக் களைப்பும் இல்லை. எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்திட்டன். பயந்திட்டான் எண்டு பேப்பரிலை போட்டவங்கள். என்ரை மனிசியும் ஒருக்கா சொன்னவ. கோவத்திலை இல்லை, ஆறுதலாத்தான். வெளியிடத்துக்குப் போனால் உங்களுக்கு மனம் பதறும், அது உங்கடை குற்றமில்லை எண்டா. அவ சொன்னாப் பிறகு நானும் நம்பியிட்டன்."

ரெயில் பட்டறையில் வேலை செய்தவராம். சிட்னிப் பட்டறைக்குப் போர்மனாகப் போகச் சொல்லிக் கேட்டார்களாம். போகவில்லை. "வெளியிலை போனால் உதவாத ஆள் எண்டு எனக்குத் தெரியும்தானே." பிள்ளைகள் இல்லை. மனைவிக்குக் கடல் கடந்து ஓரிடம் பார்க்க ஆசை இருந்ததாம். அதுவும் நடக்கவில்லை.

"மூண்டாவது கப்புக்கு அடுத்த வரியம் தளத்தை அங்காலை மாத்தினவை. பிறகு இஞ்சையும் அடி வாங்கத் துடங்கினன். கை முடிஞ்சுது எண்டினம். முப்பது வயசோடை விட்டிட்டன்."

பலகை திறக்கும் நாளில் வரமாட்டேன் என்றார். தலையிடி என்று சொல்லிப் படுத்துவிடுவாராம். "அந்த நாலு சொல்லைக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பாக்கேலாது எனக்கு."

நான் கோப்பி வேண்டுமா என்று கேட்டேன். ஓம் என்றார்.

அதற்கு மூன்று நாள் கழித்து, தெற்கு மூலையில் மேல்மண்ணை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சாண் ஆழத்தில் என் மண்வெட்டி எதிலோ இடித்தது. கல் என்று நினைத்துச் சுற்றிக் கிளறினேன். கொங்கிறீட். மண்ணைத் தும்புத் துடைப்பத்தால் தட்டத் தட்ட ஒரு நேர் விளிம்பு வந்தது, பிறகு இரண்டு பக்கம், பிறகு கூர். மூலைகளில் கறள் பிடித்த ஆணித் துளைகள்.

"என்ன ணே இது, வீடு மாதிரி இருக்கு?"

"பழைய ஹோம் பிளேட்டின்ரை அடி."

அந்தக் காலத்தில் பேஸ்போல் குளிர்காலத்து விளையாட்டு. கோடையில் அதே புல்லில் கிரிக்கெட். ஆகவே குளிர் தொடங்கும்போது பலகைகளை இந்தக் கொங்கிறீட் அடியில் பூட்டுவார்கள். குளிர் முடியக் கழற்றி, மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். ஒன்று இங்கே இருந்தால் றப்பர்ப் பலகையின் அடியும் இருக்கவேண்டும். நேரே நடந்துபோய் கம்பியால் குத்திப் பார்த்தோம். நாலாவது குத்தில் இடித்தது. அதையும் துப்புரவாக்கினோம்.

நாடாவை எடுத்தேன். எந்த நோக்கமும் இல்லை, பழக்கதோஷம். என்னோடு நின்றவர் றப்பர் அடியின் முன்விளிம்பில் பிடித்தார், நான் கூரில் வைத்தேன். அறுபத்தொரு அடி பதினொரு அங்குலம்.

"நாடா வளைஞ்சிருக்கு, இறுக்கிப் பிடியும்."

"இறுக்கித்தான் ணே பிடிச்சிருக்கேன். இதுக்கு மேல இழுத்தா நான் ஒங்க மடியிலதான் வந்து விழணும்."

மறுபடியும் அதே அளவு. நாடாவை மெல்ல முன்னுக்கு நகர்த்தி நேர் விளிம்பில் வைத்தேன். அறுபது அடி ஆறு அங்குலம். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

எழுபது வருடத்துக்கு முன் ஒரு கிரிக்கெட் மைதானக்காரர் இதே இடத்தில் குனிந்து நின்று, நான் விட்ட அதே பிழையை விட்டிருக்கிறார். நான் விட்டது புல்லின் மேல், வந்து சிரித்துத் திருத்தினார்கள். அவர் அதைக் கொங்கிறீட்டில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

கிழவர் சொன்ன கதையை என்னோடு நின்றவருக்குச் சொன்னேன். அவர் கையால் தூரத்தைக் காட்டிக் காட்டி யோசித்தார்.

"சரியாத்தான் ணே வருது. கை இந்தத் தூரத்துக்குப் பழகிருச்சு. இங்க கடைசியில விழுற பந்து, அங்க போனா பதினேழு அங்குலத்துக்கு முன்னாடியே பேட்டு நிக்குது. விழுறதுக்கு நேரமே இல்ல. பாவம், மனுசன் பயப்படவே இல்ல!" பிறகு சட்டென்று நின்றார். "ஆனா ணே, அப்ப இங்க வந்து எறிஞ்சவனுங்க? அவனுங்களுக்குப் பந்து தரையில குத்தியிருக்குமே. அந்த மூணு கப்பு?"

"மெல்லக் கதையும்."

"யாரு ணே இருக்கா இங்க? மேக்பை குருவிதான் இருக்கு."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொங்கிறீட் உடைக்கும் இயந்திரம் வருவதாக இருந்தது. உடைத்து அள்ளிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மூன்று கப்பும் அப்படியே இருக்கும். அந்த மனிதரும் தான் பயந்தவர் என்று நம்பிக்கொண்டே போய்விடுவார்.

அன்று பின்னேரம் குசினியில் மனைவி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நாளைக்குச் சொல்லப் போறியள்தானே?" என்றாள்.

"அவையின்ரை கப் பிழையெண்டு வந்தால் கழகத்திலை பிரச்சினை வரும். நான் புல்லு வெட்டப் போனவன்."

"இஞ்சேருங்கோ, நீங்கள் சொல்லாமல் விடுறதுக்குச் சாட்டுத் தேடுறியள். கப் கழகத்தின்ரை. பயந்தாங்கொள்ளி எண்ட பேர் அந்த மனிசன்ரை தலையிலை. எது பாரம்?"

"எப்பிடித் துடங்கிறது எண்டு தெரியேல்லை."

"துடங்க வேண்டாம். நாடாவைக் கையிலை குடுங்கோ. அந்தாளுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும்தானே."

மறுநாள் எட்டு மணிக்கு அவர் வந்தார். நான் வேலியைத் திறந்து, "கொஞ்சம் உள்ளுக்கு வரேலுமோ?" என்று கேட்டேன். கிளறிய மண்ணில் சில்லுகள் புதைந்தன. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, தள்ளுவண்டியைப் பழைய ஹோம் பிளேட் அடியின் பக்கத்தில் வைத்தோம். அவர் அமர்ந்து கீழே பார்த்தார். பார்த்தவுடன் அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"உது இன்னும் கிடக்கோ!"

என் வேலைத்தோழர் நாடாவின் முனையோடு றப்பர் அடிக்குப் போய் நின்றார். நான் கூரில் நாடாவை வைத்து, கிழவர் வாசிக்கக்கூடிய மாதிரிப் பிடித்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார். வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் நாடாவை முன்விளிம்புக்கு நகர்த்தினேன். அதையும் வாசித்தார்.

விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தூரத்தை எறிந்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றி, சட்டையின் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, இன்னொருமுறை அளக்கச் சொன்னார். அளந்தோம்.

மகிழ்ச்சி வரும், அல்லது அழுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முகத்தில் வந்தது வேறு.

"கிழங்கன்" என்றார்.

"ஆர்?"

"மூண்டாவது வரியம் பைனலிலை மற்றப் பக்கத்துக்கு எறிஞ்சவன். இடக்கைக்காரன். அவன்ரை பந்தெல்லாம் இதிலை நிலத்திலை குத்தினது. உருளைக்கிழங்கு நடுறான் எண்டு நாங்கள் முழுக்கச் சத்தம் போட்டு நக்கலடிச்சனாங்கள். நான்தான் துடங்கினது." கொங்கிறீட்டைப் பார்த்துக்கொண்டு, "அவனும் என்னை மாதிரித்தான். அவனுக்கு இது அடிலெயிட்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். கிழங்கன் என்று அவர்கள் நக்கலடித்தவர் ஜீலோங்கில் மகளோடு இருக்கிறாராம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பேசிக்கொள்வார்களாம். இவருக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் நாங்களும் கேட்டோம்.

"உயிரோடை இருக்கிறியோ?"

"இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. குடிச்சாப் பிறகு சொல்லுறன்."

இவர் எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாக, ஒன்றையும் விடாமல். கொங்கிறீட், கூர், பதினேழு அங்குலம். "அண்டைக்கு நீ மோசமா எறிஞ்சதுக்கு நீ காரணமில்லை" என்று முடித்தார்.

மறுபக்கத்தில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆர் மோசமா எறிஞ்சது? நான் நல்லாத்தான் எறிஞ்சன்."

"எறியேல்லை. நிலத்திலை குத்தினாய். நாங்கள் உன்னைக் கிழங்கு எண்டு கூப்பிட்டனாங்கள்."

"எனக்குக் கேக்கேல்லை. என்ரை பந்திலை ஒரு குறையும் இல்லை. எங்கடை கச்சர்தான் பிடிக்கேல்லை. எழுவது வரியமா அதைத்தான் நான் சொல்லிக்கொண்டு வாறன்."

கச்சர் என்பவர் அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்.

"அப்ப அவனிலையும் பிழையில்லை" என்றார் இவர்.

மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் சிறிதாக. "நான் அவனைக் கலியாணத்துக்குச் சொல்லேல்லை. அதுக்காகத்தான்."

"இருக்கிறானோ?"

"செத்துப்போட்டான். கனகாலம்."

என் தோழர் எங்கள் பக்கம் வராமல் றப்பர் அடியிலேயே குந்தியிருந்தார். அவர் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் மறுபக்கம் கேட்டது: "அப்ப கப்பைத் திருப்பித் தாறியோ?"

"வந்து எடு."

"கார் ஓட விடமாட்டாள் இவள்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்குச் செயலாளர் வந்தார். கிழவரே சொன்னார். கேட்கக் கேட்கச் செயலாளரின் முகம் மாறிக்கொண்டே போனது.

"இதை இப்ப கிளறத் தேவையோ? ரெண்டு பக்கமும் ஒரே இடத்திலையிருந்துதானே எறிஞ்சவை. இதிலை கள்ளம் இல்லை."

"கள்ளம் எண்டு நான் சொல்லேல்லை. நான் கிழமையிலை ரெண்டு நாள் இதிலை எறிஞ்சு பழகினனான். வந்தவனுக்கு அந்த ஒரு நாள்தான்."

"உங்கடை பேரைக் காப்பாத்தத்தான் பாக்கிறன்."

"என்ரை பேரும் வருசமும் போதும். ஒருபோதும் தோற்காதவர் எண்டதை எடு. இந்த மைதானத்தில் எண்டதையும் எடு."

"வெட்டக் குடுத்தாச்சு."

"அப்ப பேரையும் எடுத்துவிடு."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீரோ அளந்தது? சரியா அளந்தனீரோ?"

கிழவரும் என்னைப் பார்த்தார். தோழரும் பார்த்தார். நாலு பேர் கூடி நிற்கும் இடம்தான். ஆனால் இது எனக்குத் தெரிந்த விஷயம்.

"ஓம்" என்றேன். "நானும் ஒருக்கா இப்பிடிப் பிழை விட்டனான். அதாலை தெரியும்."

செயலாளர் நாடாவைக் கொங்கிறீட்டின் மேல் வைக்கச் சொல்லி, இரண்டு பக்கத்திலும் படம் எடுத்தார். பிறகு போய்விட்டார். பத்து மணிக்கு இயந்திரம் வந்தது. இதை இப்படியே விடவா என்று நான் கிழவரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். படம் இருக்கிறது, இன்னொருவன் இதில் நின்று எறியவேண்டாம், உடையும் என்றார். அரை மணித்தியாலத்தில் இரண்டும் துண்டுகளாகி லொறியில் ஏறின. அவர் கடைசித் துண்டு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கழகத்தில் இரண்டு கிழமை வாக்குவாதம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். செயலாளரே அவர் பக்கம் நின்று பேசினாராம். பலகை புதிதாக வெட்டப்பட்டு வந்தபோது அதில் ஒரு பெயரும் மூன்று வருடங்களும் மட்டுமே இருந்தன.

திறப்புவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழவர் தலையிடி என்று படுக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டி வந்தார். நான் கருவிகள் வைக்கும் அறையின் வாசலில் நின்றேன். அவர் பேசியது மூன்று நிமிடம் இருக்காது. தளம் பிழையாக இருந்ததைச் சொன்னார். தன் பந்து எப்போது விழுந்தது, எப்போது விழவில்லை என்பதைச் சொன்னார். பைனலில் எதிர்ப்பக்கம் எறிந்தவரின் பெயரையும் அந்தக் கச்சரின் பெயரையும் முழுப்பெயராகச் சொல்லி, அவர்கள் இருவரும் நல்ல ஆட்டக்காரர் என்றார். சிலர் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ தட்டத் தொடங்க எல்லாரும் தட்டினார்கள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மழை இல்லை, வெயில் அடித்தது. புதன்கிழமையும் வரவில்லை. தோழர் வேலியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். "அண்ணே, போயி கதவத் தட்டிப் பாத்துட்டு வந்துரலாமா?" என்றார். நாளைக்கும் வராவிட்டால் போவோம் என்று சொல்லி வைத்தேன். வியாழக்கிழமையும் வரவில்லை. தேநீர் இடைவேளையில் இருவரும் பின்தெருவுக்குப் போய் யூனிற் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. பக்கத்து யூனிற் பெண் எட்டிப் பார்த்து, அவர் தங்கையின் மகளோடு அடிலெயிட்டுக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை வருவார் என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தள்ளுவண்டி வந்து வேலியோரம் நின்றது. நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனேன்.

"மைதானம் பாத்தீங்களோ?" என்று கேட்டேன்.

"மைதானம் இல்லை, மேட். அதிலை இப்ப கார்ப் பார்க். பெரிசு. பிச்சர் நிண்ட இடம் இதுவாத்தான் இருக்கும் எண்டு ஒரு இடத்திலை போய் நிண்டன். ஒருத்தி காரிலையிருந்து ஹோண் அடிச்சாள்."

"பிறகு?"

"பிறகென்ன, விலத்தினன்." பிறேக்கைப் போட்டுவிட்டு இருக்கையில் சாய்ந்தார். "போகேக்கை பத்து மணித்தியாலம் ரெயில். முழுக்க நித்திரை. தங்கச்சியின்ரை மகள்தான் எழுப்பினவ, வந்திட்டுது, இறங்குங்கோ எண்டு."